காட்டேரிக்கு நான் கொடுத்த குரல்

கோச்சடையில் மாதுளை ஜூஸ் கடை வைத்திருந்த ஒரு நல்ல மனிதரை, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் முன்னால் நான் ரத்தக்காட்டேரி ஆக்கினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க என் பேச்சைக் கேட்டு ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பின் ருசியில் நான் செய்தது தப்பு என்று உறைக்கவே எனக்குப் பல நாள் ஆயிற்று.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் பெயரால், ஊரால், வேலையால் அடையாளம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மதுரையிலேயே, ஏன், உலகத்திலேயே, மனிதர்களை ரத்த வகையால் மட்டும் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். "ஏ பாசிட்டிவ் மாப்ள, வாங்க வாங்க! ஓ பாசிட்டிவ் அக்காவும் வந்திருக்காகளா? உக்காருங்க, ஜூஸ் போடுறேன்." இதுதான் அவருடைய வரவேற்பு. புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "உங்க குரூப்பு என்ன?" அதனால் அவருக்குக் குரூப்பு அண்ணே என்று பெயர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியாது. அவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. "நான் பி பாசிட்டிவு. அது போதாதா?" என்பார்.

யாருக்காவது ஆபரேஷன், பிரசவம், விபத்து என்று ஆள் தேடிக்கொண்டு வந்தால், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார். வேண்டிய வகை ஆளை வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்குவார். ரத்தம் கொடுத்து முடித்ததும் கடைக்குக் கூட்டிவந்து மாதுளை ஜூஸ் தருவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். ஏன் இப்படி அலைகிறார் என்பதற்கு ஏதோ ஒரு சோகக் கதை இருக்கும் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன். "கதையெல்லாம் ஒண்ணுமில்ல சார். உள்ள சும்மா சுத்திக்கிட்டுத்தான இருக்கு? குடுத்தா என்ன?" என்றார்.

கல்யாணத்துக்குப் போனால் மணமக்கள் தலையில் அட்சதை போட்டுவிட்டு, போட்டோ எடுக்கிறவர் தயாராவதற்குள் மாப்பிள்ளையின் காதில் குனிந்து குரூப்பு கேட்பார். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண்மணியிடம், "தாயி, கண்ணு ரெம்ப வெளுத்திருக்கே, முருங்கக்கீரை சாப்பிடுங்க" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்திருக்கிறார். ஹெல்மெட் போடவில்லை என்று ஒரு போலீஸ்காரர் மறித்தபோது, அபராதச் சீட்டு எழுதி முடிப்பதற்குள் அவருடைய குரூப்பு ஓ நெகட்டிவ் என்று கறந்துவிட்டார். அதன்பிறகு இவர் மொபெட்டைக் கண்டால் அந்தப் போலீஸ்காரர்தான் நிழற்குடைக்குப் பின்னால் ஒதுங்குவார்.

பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் இறந்தபோது இவர் மாலையைப் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்தக்காரர்களே மிரண்டு போனார்கள். "ஏபி நெகட்டிவு சார்! இந்தப் பக்கம் பூராத்துக்கும் அவரு ஒருத்தர்தான்!" என்றார் என்னிடம்.

என்னையும் அவர் விடவில்லை. ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போய்விடும். அதை ஒரு பேராசிரியர் எப்படி வெளியில் சொல்வது? "எனக்குச் சுகர் இருக்கு அண்ணே" என்று ஒரு பொய் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனால் எங்கள் ஊரில் அண்ணே என்று கூப்பிடுவதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.

"மாத்திரதான? மாத்திர போடுறவக குடுக்கலாம் சார்" என்றார்.

"இல்ல, இன்சுலின் ஊசி. தினமும் ரெண்டு வேளை" என்றேன். ஊசிக்குப் பயந்தவன் சொன்ன பொய்யைப் பாருங்கள்.

அவர் முகம் அப்படியே இளகிப் போயிற்று. "அடப்பாவமே! தெனமும் குத்திக்கிறீகளா? உங்களுக்கு ரெம்ப தைரியம் சார்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கொடுக்கும் ஜூஸில் சீனி போடுவதை நிறுத்திவிட்டார். பணி ஓய்வு பெற்ற பிறகும் வருடக்கணக்கில் அந்தப் புளித்த சாற்றை அவர் முன்னால் முகம் சுளிக்காமல் குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அவர் என்னை ஒரு வீரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதர்மேல் நமக்கு வரும் எரிச்சலில் பாதி, அவர் நமக்குச் செய்த தீங்கால் வருவதில்லை. அவரிடம் நாம் சொன்ன பொய்யால் வருகிறது.

ஓய்வுக்குப்பின் எங்கள் குடியிருப்பின் விழாக் கூடத்தில் ஞாயிறுதோறும் பிரெஞ்சுப் படம் போட ஆரம்பித்தேன். ஆங்கில எழுத்து கீழே ஓடும். அது ஓடும் வேகத்துக்கு எங்கள் ஆட்களால் படிக்க முடியவில்லை. அதனால் நான் ஓரத்தில் நாற்காலி போட்டு, மைக் பிடித்து, திரையில் பேசப்பேச எல்லோருக்கும் நானே தமிழில் குரல் கொடுப்பேன். ஆணுக்கும் நான், பெண்ணுக்கும் நான், நாய்க்கும் நான். குரூப்பு அண்ணே எந்த வாரமும் தவறமாட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாரிஸ் நகரத்துக்காரர்களின் கஷ்டங்களுக்கெல்லாம் உச்சுக் கொட்டுவார்.

ஒருநாள் மிக அருமையான படம். மழை. கணவனைப் பிரிந்தவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மிகப் பிடித்த இடம் அது. மைக்கை வாயருகே கொண்டுபோகிறேன். இருட்டில் ஒரு குரல்.

"சார், ஒரு நிமிசம் அந்தப் பிள்ளைய நிப்பாட்டுங்க. பி நெகட்டிவு யாரும் இருக்கீகளா? அவசரம்."

ஒருவர் எழுந்தார். அவருக்குத் துணையாக இன்னொருவர். வழிகாட்ட ஒருவர். என்ன நடக்கிறது என்று பார்க்க மற்றவர்கள். கடைசியில் கூடத்தில் நானும், ஜன்னலில் அவளும், கதவோரம் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனும்தான் மிச்சம். அன்றே மனதில் கறுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காட்டேரிப் படம் வந்தது. "சார், ஒரே அழுகப் படமா போடுறீங்க. சிரிக்கிற மாதிரி ஒண்ணு போடக்கூடாதா?" என்று எதிர்வீட்டுப் பட்டுக்கடைக்காரர் கேட்டார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் மொழி, வெளியில் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். அவருக்காகத் தேடிப்பிடித்த பிரெஞ்சு நகைச்சுவைப் படம் அது. ஒரு சிற்றூரில் கிழட்டு ரத்தக்காட்டேரி ஒன்று. கோரைப் பல் விழுந்துவிட்டது. பல் செட்டு கட்டிக்கொள்கிறது. அது கடிக்கும்போதெல்லாம் கழன்று, கடிபட்டவர் கழுத்திலேயே தங்கிவிடுகிறது. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்து ரத்த வங்கி வாசலில் நிற்கிறது.

அந்தக் காட்டேரிக்குக் குரூப்பு அண்ணனின் குரலைக் கொடுத்தேன். அதே இழுப்பு, அதே கனைப்பு. காட்டேரி முதன்முதலில் வாயைத் திறந்து, "வாங்க மாப்ள, உங்க குரூப்பு என்ன?" என்றதும் கூடம் அதிர்ந்தது. பட்டுக்கடைக்காரர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் குரூப்பு அண்ணனே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சார் என்னையவே படத்துல வச்சுப்புட்டாக!" என்று பக்கத்திலிருந்தவர் தொடையில் அடித்தார்.

அத்தோடு விட்டிருந்தால் அது விளையாட்டு.

இடைவேளையில், படம் சிரிப்புப் படம் என்ற சந்தோஷத்தில், எல்லோருக்கும் அவர் செலவிலேயே கேன் நிறைய மாதுளை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரும் கையுமாகக் கூட்டம் மறுபடி உட்கார்ந்தது. திரையில் காட்டேரி ஒரு நர்ஸம்மாவின் அருகே போய்த் தலைகுனிந்து நிற்கிறது. பிரெஞ்சில் அது சொல்வது: "பயப்படாதீர்கள் அம்மா. உண்மையில் ரத்தத்தைக் கண்டால் எனக்கே மயக்கம் வரும்." அழகான வசனம். அந்தக் கூடத்தில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னது வேறு.

"பயப்படாத தாயி! பாதிய ஆஸ்பத்திரிக்குக் குடுப்பேன். மீதி நம்ம கட ஜூஸுல கலந்துருவேன்!"

எல்லோரும் கையிலிருந்த சிவப்பு டம்ளரைப் பார்த்தார்கள். பிறகு எழுந்ததே ஒரு சிரிப்பு! ஒருவர் வாயிலிருந்ததை முன்னாலிருந்தவர் சட்டையில் துப்பினார். வாட்ச்மேன் விழித்துக்கொண்டார். குரூப்பு அண்ணனும் சிரித்தார். ஆனால் இந்த முறை அவர் தொடையில் அடிக்கவில்லை. காலிக் கேனை எடுத்துக் காலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த வசனத்துக்குப் போனேன்.

அந்தத் துண்டு வீடியோ போன் போனாகப் பரவியது. உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் யாரோ சத்தமாக வைத்துப் பார்த்ததை நானே கேட்டேன். யாரும் அதை நம்பவில்லை. அதுதான் கொடுமை. நம்பியிருந்தால் இல்லை என்று மறுத்துச் சொல்லலாம். சிரிப்பை எப்படி மறுப்பது? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கடை வாசலில் கழுத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஜூஸ் குடிக்க வந்தவர்கள் சாத்துக்குடிக்கு மாறினார்கள். குரூப்பு அண்ணே என்ற பெயர் போய்க் காட்டேரி அண்ணே என்று ஆயிற்று. அதையும் பொறுத்துக்கொண்டார். ரத்தம் கேட்டு அவர் போன் செய்தால் மறுமுனையில் சிரிக்கிறார்கள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அது எனக்குத் தெரியவந்தது ஒரு மத்தியான வேளையில். கடையில் உட்கார்ந்திருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் என்று பதறிக்கொண்டு வந்தார். குரூப்பு அண்ணே மாதுளை பிழிந்துகொண்டிருந்த கையைத் துடைக்காமலே ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராக அழைத்தார்.

"மாப்ள, ஏ நெகட்டிவு வேணும்டா. ஒரு எட்டு வந்துரு."

"அண்ணே, பாதி ஜூஸுக்கா?" மறுமுனையில் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம்.

"டேய், வெளாட்டில்ல. ஒரு பொம்பளப் பிள்ள..."

"வீட்டுல விடமாட்டேங்கிறாகண்ணே. கேலி பண்றாக. வேற ஆளப் பாருங்க."

அடுத்தவரும் அப்படி. அதற்கடுத்தவர் எடுக்கவே இல்லை. விவசாயி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னண்ணே சிரிக்கிறாக?" என்றார். குரூப்பு அண்ணே துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"வாங்கண்ணே, நானே வாரேன்" என்று விவசாயியை ஏற்றிக்கொண்டு போனார். தன்னுடையதைக் கொடுத்தால் அதற்கு ஈடாக வேண்டிய வகையைத் தருவார்கள் என்று நினைப்பு. அவர் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கமாட்டார்கள். அங்கே அதை மறைத்தார். ரத்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியாத ஆள் யார்? "நீங்களே இப்படிப் பண்ணலாமாண்ணே?" என்று நர்ஸம்மா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. வேறெங்கிருந்தோ ரத்தம் வந்து அந்தப் பெண் பிழைத்தார். அந்த ஓர் இரவு அவர் கணவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

அடுத்த ஞாயிறு படத்தை நிறுத்திவிட்டு மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். "அந்த வசனம் படத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது. ஒரு நல்ல மனிதரைக் கேவலப்படுத்திவிட்டேன்" என்றேன். குரல் உடைந்தது.

கூடம் கைதட்டிச் சிரித்தது. "சார் சோகக் காட்சியும் நல்லாப் பண்றாரு!" என்றார் ஒருவர். பட்டுக்கடைக்காரர், "சார், வீடியோ எடுக்கல, இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். இன்னொருக்கா சொன்னேன். அதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு.

மைக் வழியாகப் போனதை மைக்கால் பிடிக்க முடியாது என்று தெரிந்து, நேரே கடைக்குப் போனேன். ஆளில்லாத கடை. எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சு வசனம் உண்மையில் என்ன என்பதையும் சொன்னேன். வேண்டுமென்றுதான் செய்தேன் என்றேன். அவர் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார்.

"படந்தான சார், விடுங்க" என்றார்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணே. எனக்குச் சுகரே கிடையாது. இன்சுலினும் கிடையாது. ஊசின்னா பயம். அதான் பொய் சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்தார். படத்துக்கு வராத கோபம் அப்போது வந்தது.

"சுகரு இல்லையா? அப்ப இத்தன வருசமா அம்புட்டு ரத்தத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணீக? ஒங்களுக்குப் போயி வெறும் புளிப்பக் குடுத்தேனே, பாவி!" அந்தப் பாவி நானா அவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "ஏறுங்க வண்டியில" என்றார்.

ஏறினேன். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கையை நீட்டினேன். நர்ஸம்மா வயது கேட்டார். சொன்னேன். "அறுபத்தஞ்சுக்கு மேல எடுக்கமாட்டோம் சார். முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். என் வாழ்நாளில் யாரும் அத்தனை மென்மையாக என்னைத் திட்டியதில்லை. அவருக்குத் திட்டுகிறோம் என்றே தெரியாது.

வெளியே வந்ததும் குரூப்பு அண்ணே மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தார். பிறகு, "ரத்தம் குடுக்க முடியாட்டி வாயக் குடுங்க. வாரவகள்ல பாதிப் பேரு பயத்துலதான் ஓடிப் போறாக. ஊசி ஏறுறப்ப பக்கத்துல ஒக்காந்து கத சொல்லுங்க. அந்தப் பல்லு செட்டுக் காட்டேரி கதையவே சொல்லுங்க. ஆனா உள்ளபடி சொல்லணும்" என்றார்.

அடுத்த ரத்ததான முகாம் ஆனையூரில். முதல் ஆளின் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்ததும், கதையில் காட்டேரி மயங்கி விழும் இடத்துக்கு வருவதற்கு முன்பே நான் மயங்கி விழுந்தேன். ரத்தம் கொடுத்தவர் எழுந்து வந்து எனக்கு ஜூஸ் கொடுத்தாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்விழித்தபோது அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. அந்த வீடியோவும் பரவியது. "ஊசி போடாமலே விழுந்த வாத்தியார்" என்று தலைப்பு. அதைப் பார்க்க வந்தவர்கள் சிலர் கையையும் நீட்டினார்கள். பட்டுக்கடைக்காரர் வந்தார். போனில் சிரித்த மாப்ளைகளில் ஒருவர் தலைகுனிந்தபடி வந்தார். "எங்கடா போன, ஏ நெகட்டிவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவரைப் படுக்கவைத்தார் குரூப்பு அண்ணே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. பழைய ஆட்களில் பலர் திரும்பவே இல்லை. கடை படுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அவர் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். பிள்ளைகளுக்கு அவர் இன்னமும் காட்டேரி அண்ணேதான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. முகாம் என்றால், "சார், காலையில வாரேன், ரெடியா இருங்க" என்பார். பின்னால் ஏறி உட்காருவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. சட்டையைத் தேடிக்கொண்டே, "எந்த ஆஸ்பத்திரி அண்ணே?" என்றேன்.

"ஆஸ்பத்திரியெல்லாம் இல்ல சார்."

"அப்ப முகாமா? எந்த ஊர்?"

"முகாமும் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "சாப்பிட்டீகளா?"

"இனிமேதான் அண்ணே."

"சரி. சாப்பிடுங்க. சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சட்டையை மறுபடி கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.